தாண்டிப் படித்த பக்கம்

ஆகஸ்ட் 4, திங்கள்

நாகமணிக்கு வலது கண்ணில் விழித்திரை அறுவை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் அவள் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். படுத்தால் குப்புற, உட்கார்ந்தால் தலை கவிழ்ந்து. இரண்டு வாரம் இப்படி. அதன் பிறகும் ஒரு மாதம் படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது. இடது கண்ணில் ஏற்கெனவே புரை. அதில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது.

சொட்டு மருந்துகளுக்கு நேர அட்டவணை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். கல்லூரியில் வேதியியல் நடத்தி, பியூரெட்டில் சொட்டு எண்ணியே ஓய்வு பெற்றவன். இதையாவது பிசகில்லாமல் செய்ய வேண்டும்.

மைதிலி காலையிலேயே திருப்பூரிலிருந்து வந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள். மாப்பிள்ளை தரணிக்குக் கம்பெனியில் ஏற்றுமதி நெருக்கடியாம், வரவில்லை. பெரிய பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறாள். உல்லன் சால்வைகூட இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாகமணியால் சோறு இல்லாமல் இருக்க முடியும், நாவல் இல்லாமல் முடியாது. நீங்கள் எடுத்துவந்து வாசித்துக் காட்டுங்கள் என்று தலையணைக்குள்ளிருந்து சொன்னாள். மைதிலியை வாசிக்கச் சொல்லலாமே என்றேன். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள் மைதிலி.

கோபி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வாடகை நூலகத்துக்கு முதல் முறையாகப் போனேன். நடத்துகிறவர் ஜெயக்கொடி என்ற அம்மா. நாகமணியின் கணவர் என்றதும், "விளக்குப் போடறவங்க வீட்டுக்காரருங்களா" என்று கேட்டார். விழித்தேன். ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். இங்கே வரும் பெண்கள், படித்ததையே மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று, ஐம்பதாம் பக்க மூலையில் ஆளுக்கொரு அடையாளம் பென்சிலால் போட்டுவைக்கிறார்கள். ஒருவருக்குப் பூ, ஒருவருக்கு மீன், நாகமணிக்குச் சின்ன அகல்விளக்கு. கடைசி வெற்றுப் பக்கத்தில் அபிப்பிராயமும் எழுதுகிறார்கள். 'சூப்பர்.' 'அழுதுட்டேன்.' 'ஹீரோவைச் செருப்பால அடிக்கணும், ஆனா செம கதை.'

புத்தகத்தில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. மாணவர்களை அதற்காகக் கண்டித்திருக்கிறேன். கண்டித்தேன் என்பது பெரிய வார்த்தை. அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இந்த நாவல்களின் பெயர்களை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அட்டைப் படத்தை வைத்துக் குறிப்பிடுகிறேன். இன்று எடுத்தவை குடை நாவல், குதிரை நாவல், சிவப்புக் கார் நாவல். அடையாளத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவப்புக் கார் நாவலில் விளக்கு இருக்கிறது. பரவாயில்லை, அதை இன்னொரு தடவை கேட்கலாம் என்றாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

குடை நாவல் முடிந்தது. என் அபிப்பிராயத்தை இங்கே எழுதிவைக்கிறேன். வேறு யாரிடம் சொல்வது.

நாயகன் ஆறடிக்கு மேல். ஒரு 'குழுமத்து'க்கு முதலாளி. குழுமம் எதைத் தயாரிக்கிறது என்று கடைசிவரை சொல்லவில்லை. அவன் கண்கள் அடிக்கடி சிவக்கின்றன. யாரும் மருந்து விடுவதில்லை. நாயகி ஏழை, தைரியசாலி என்று சொல்லப்படுகிறாள், ஆனால் அவன் வந்து நின்றால் நடுங்குகிறாள். அவளுக்கு ஓர் அப்பா இருக்கிறார். இருந்தும் இல்லாதவர். நோயாளி, வாய் திறப்பதில்லை. திருமணத்தன்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இந்த எழுத்தாளர்கள் அப்பாக்களை ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை. அனுபவக் குறைவாக இருக்கலாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மொழி மோசமில்லை. மழையை நன்றாக எழுதியிருக்கிறார். இரண்டு பேர் பேசாமல் ஒரே குடையில் நடக்கும் பகுதியை வாசிக்கும்போது எனக்கே குரல் தணிந்தது.

பிறகு முத்தக் காட்சி வந்தது. தாண்டிவிட்டேன். தலையணைக்குள்ளிருந்து குரல்:

"ஏனுங்க, நடுவால ரெண்டு பக்கம் காணமாட்ட இருக்குதே."

"தாளு ஒட்டிட்டு இருந்துது."

"ஆமாமா. அந்த எடத்துல எல்லாமே ஒட்டிட்டுத்தான் இருக்கும்."

சமையலறை வாசலில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மைதிலி சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து இன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மைதிலியைக் கூடத்திலிருந்து இருமுறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. மிக்சி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

இல்லை, அப்போது கரண்ட் இல்லை. ஏதோ யோசனையில் இருந்திருப்பாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சிவப்புக் கார் நாவல், பாதிவரை. நாயகி பழைய வகுப்புத் தோழன் ஒருவனோடு பேசுவதை நாயகன் பார்த்துவிடுகிறான். வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் வைத்து அவளை அறைகிறான். 'ஐந்து விரல்களும் பதிந்தன' என்று இருக்கிறது. குதிரை நாவலைப் புரட்டிப் பார்த்தேன். அதிலும் ஐந்து விரல்களும் பதிகின்றன. சிவப்புக் கார் நாவலின் அடுத்த அத்தியாயத்தில் அவன் தன் மேலேயே கோபம் கொண்டு கண்ணாடியைக் குத்திக் கையைக் கிழித்துக்கொள்கிறான். அவள் ஓடிவந்து அவன் கைக்கு மருந்து போடுகிறாள். அறை வாங்கியவளுக்கு யாரும் ஒன்றும் போடவில்லை.

இதெல்லாம் நானாக மௌனமாகப் படித்துத் தெரிந்துகொண்டது. வாசித்துக் காட்டும்போது அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். மாடிப்படி என்ற சொல் வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். மைதிலி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலையைச் சாய்த்து, வலப்பக்கத்தை எங்கள் பக்கமாகத் திருப்பிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் கத்தி அப்படியே நின்றது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டி, அவன் கண்ணாடியைக் குத்தும் இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

நாகமணி ஏற்கெனவே படித்தவள். ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. மைதிலி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நோயாளிக்கு ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. அதனால்தான் தாண்டினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குளிக்கும்போது இடது காதில் தண்ணீர் போய்விட்டதாக மைதிலி சொன்னாள். மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கிவந்தேன். அட்டவணையில் அவளுக்கும் ஒரு கட்டம் போட்டு, நானே விட்டேன். துள்ளிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மருந்து குளிர்ந்திருந்திருக்கும்.

காதுக்குப் பின்னால் தோல் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் பூசிக் குளித்திருப்பாள். அவள் மஞ்சள் பூசுகிறவள் அல்ல. புகுந்த வீட்டில் பழக்கங்கள் மாறுவது உண்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

குதிரை நாவல் முடிந்தது. குதிரை எங்கும் வரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

நல்லவனான நாயகன் வரும் நாவல் ஏதாவது இருக்கிறதா என்று நூலகத்தில் கேட்டேன். ஜெயக்கொடி அம்மா கீழ்த்தட்டில் தேடி, தூசி தட்டி ஒன்றைக் கொடுத்தார். ஐம்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு மீன்.

வாசித்தேன். நாயகன் ஓர் அஞ்சலக எழுத்தர். நாயகி சொல்வதைக் கேட்கிறான். காபி போடுகிறான். எனக்குப் பிடித்திருந்தது. நாகமணி தூங்கிவிட்டாள். எழுந்ததும், ஏன் உனக்கு முரடர்களையே பிடிக்கிறது என்று கேட்டேன். இதைக் கேட்க ஐந்தாறு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"முரடன யாருக்குங்க புடிக்கும்? கடைசில அவன் வந்து மன்னிப்புக் கேப்பானுங்க. அழுதுட்டே கேப்பான். அந்த ஒரு பக்கத்துக்குத்தான் மத்த பக்கமெல்லாம். நெசத்துல எந்த ஆம்பள கேக்கறான்?"

நான் கேட்டதில்லையா என்றேன்.

"நீங்க என்னத்தைச் செஞ்சீங்க, மன்னிப்புக் கேக்கறதுக்கு?"

பாராட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்த வாக்கியம் மனதைவிட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நாகமணி நிமிர்ந்து உட்காரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படிக்கத்தான் கூடாது.

சாப்பிடும்போது மைதிலி, தான் இனித் திருப்பூருக்குப் போகவில்லை என்று சொன்னாள். இங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொள்கிறாளாம். நாகமணி சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஏன், என்ன, என்று கேட்டாள். "ஒத்து வரலீங்ம்மா" என்றாள் மைதிலி. பதிலை அம்மாவுக்குச் சொன்னாலும் என்னைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் ரசம் கேட்டேன்.

காரணத்தை நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சொல்லிவிடுவாளோ என்று இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். ஆப்பிள், மாதுளை, நாகமணிக்குக் குளிர்ச்சியான கறுப்புக் கண்ணாடி ஒன்று. தரணி மரியாதையான பையன். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்வான். எங்கள் இருவர் காலையும் தொட்டு, "என்ற மேல தப்பிருந்தா மன்னிச்சிருங்க மாமா" என்றான். கண் கலங்கியிருந்தது. பிறகு எல்லோர் முன்னாலும் மைதிலியைப் பார்த்து, "கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்றான். சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மைதிலி காபித் தட்டோடு நின்றவள், தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு நாகமணியின் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்ளா, எத்தன பேருக்கு முன்னால கேட்டாரு. கடைசி அத்தியாயமாட்டவே இருந்துது."

நானும் அதைத்தான் நினைத்தேன். நாவலில் அதற்கப்புறம் பக்கம் இருக்காது. அட்டைதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாகமணியின் அண்ணன் ராசப்பன் சமரசம் பேச வந்தார். எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் என்ன என்றாலும் அவர்தான் பேசி முடிப்பார். தரணியும் அவன் அம்மாவும் கூடத்தில். நாகமணி படுக்கையறையில், கதவைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மைதிலி தூண் ஓரம், வலத்தோள் எங்கள் பக்கமாக.

ராசப்பன் நெடுநேரம் பேசினார். இரண்டு பேரும் அனுசரித்துப் போக வேண்டும், குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகும், தரணி போல் மரியாதை தெரிந்த பையன் இந்தக் காலத்தில் எங்கே. பிறகு மைதிலியிடம் திரும்பினார்.

"மாப்ளதான் மன்னிப்பே கேட்டுட்டாரே அம்மிணி. இன்னம் என்னதான் வேணுங்கற?"

"அப்பா சொல்லட்டுமுங்க மாமா. அவரு போகச் சொன்னாப் போறேன். வேண்டாம்னா இருந்துக்கறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் திறந்தது என்றுதான் நினைக்கிறேன். சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது.

"நாலு மணி மருந்து" என்று எழுந்துவிட்டேன்.

சொட்டு விட்ட பிறகு நோயாளி ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும் என்பது விதி. மருந்து விடுகிறவனும் கூடவே நிற்க வேண்டும் என்று விதி இல்லை. நான் நின்றேன். திரும்பி வந்தபோது கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் போவதாக முடிவாகியிருந்தது. "மாப்ள, நீங்க பெருந்தன்மையா ஒதுங்கிட்டீங்க, அதான் சீக்கிரம் முடிஞ்சுது" என்று ராசப்பன் என் தோளைத் தட்டினார்.

மைதிலி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

போய்விட்டாள். காதுச் சொட்டு மருந்தில் மீதி இருந்ததை அவள் பையில் வைத்தேன். காரில் முன்னால், தரணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்து ஜன்னலுக்குப் போய், "மருந்து வெச்சிருக்கறேன் கண்ணு, மறக்காம விட்டுக்கோ" என்றேன். நேரே பார்த்தபடி இருந்தாள். ஜன்னல் அவளுக்கு இடப்பக்கம். கேட்டிருக்காது.

செப்டம்பர் 1, திங்கள்

அட்டவணையில் மைதிலியின் கட்டத்தை ரப்பரால் அழித்தேன். அழித்த இடம் தெரிகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

பாலம் நாவல். இதில் அப்பாவுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கோபித்துக்கொண்டு வந்துவிட்ட மகளைத் தானே பேருந்தில் ஏற்றிக் கணவன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பாலத்தின் மேல் நின்று அழுகிறார். எழுத்தாளர் அவரைத் தெய்வம் என்கிறார். கடைசி வெற்றுப் பக்கத்திலும் யாரோ 'அப்பா கேரக்டர் அருமை' என்று எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மகளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காததைத் தியாகம் என்று எழுதியிருக்கிறார்கள். அழுவதற்குப் பாலம்வரை நடந்தவர் அந்த வீட்டுக்குள் இன்னும் பத்தடி நடந்திருக்கலாம்.

அளவுக்கு மீறிக் கடுமையாக எழுதுகிறேனோ. நாவல்தானே.

செப்டம்பர் 9, செவ்வாய்

மைதிலி போன் செய்தாள். நன்றாக இருக்கிறாளாம். நான் பேசியதை ஒவ்வொன்றும் திரும்பச் சொல்லச் சொன்னாள். வீடியோவில் வரச் சொன்னாள் நாகமணி. அவளுக்கு இப்போது முகம் தெரிகிறது, மகளைப் பார்க்க ஆசை. நெட் சரியில்லை என்று மைதிலி வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சிவப்புக் கார் நாவலை மறுபடி வாசிக்கச் சொன்னாள் நாகமணி. நூலகத்துக்குத் திருப்பாமல் இன்னும் இங்கேதான் இருந்தது. பாதியிலிருந்து தொடங்கினேன். மாடிப்படி வந்தது. இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்தேன்.

"தாண்டாதீங்க. அன்னைக்கே தெரியும் எனக்கு. இன்னைக்குப் படிங்க."

படித்தேன். அவன் படியேறி வருகிறான். அவள் பின்வாங்குகிறாள். ஐந்து விரல்களும் பதிகின்றன. போன முறை மௌனமாகப் படித்தபோது கவனிக்காத ஒரு வரி அங்கே இருந்தது: 'அவள் காதுக்குள் ரீங்காரம் கேட்டது.' அடுத்த அத்தியாயத்தில் கண்ணாடி உடைகிறது. அந்த ரீங்காரம் அப்புறம் நாவலில் எங்குமே வரவில்லை. அவளுக்கு அது நின்றதா, இல்லையா, யாரும் சொல்லவில்லை.

நாகமணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் இந்தக் கதைய முன்னால படிக்கறப்ப இந்த எடத்தைச் சீக்கிரமாப் படிச்சுட்டுப் போயிருவேனுங்க. மன்னிப்புக் கேக்கறது எப்ப வரும்னு." பிறகு, "மைதிலி எந்தக் காதுல போன் வெச்சுப் பேசுவா?" என்று கேட்டாள்.

"வலது" என்றேன்.

"எப்பத்திலிருந்துங்க உங்களுக்குத் தெரியும்?"

இந்த நாட்குறிப்பைப் புரட்டினால் தேதி தெரியும்.  

செப்டம்பர் 15, திங்கள்

மைதிலியை அழைத்துவரத் திருப்பூருக்கு ராசப்பனையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்றேன். அவர் எதற்கு என்றாள் நாகமணி. மாப்பிள்ளைக்கு முதலில் போன் செய்துவிடலாமா என்றேன். வேண்டாம் என்றாள். நாளை பகல் மருந்து யார் விடுவார்கள் என்றேன்.

"நானே விட்டுக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

செப்டம்பர் 16, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

குன்னத்தூர் வழிப் பேருந்து. சொல்ல வேண்டியதை முன்னுரை, பொருள், முடிவுரை என்று பிரித்து மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பெருமாநல்லூரில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இறங்குவதற்குப் பக்கத்தில் இருந்தவரை எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டே உட்கார்ந்திருந்தேன். என் கூச்சம் எனக்கு உதவிய ஒரே சந்தர்ப்பம் இதுவாக இருக்கலாம்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்தார். "வாங்கண்ணா, சொல்லாமக் கொள்ளாம" என்றவர், என் கையில் பழம்கூட இல்லை என்பதைக் கவனித்தார். உட்காரவைத்தார். காபி வந்தது. உள்ளே போய்த் தரணிக்குப் போன் செய்யும் சத்தம் கேட்டது. கம்பெனி பக்கத்துத் தெருதான். நான் டம்ளரை எடுத்தபோது காபி வேட்டியில் சிந்தியது. தரணி வந்து, முதலில் அதைத் துடைக்கத் துணி கொண்டுவரச் சொன்னான்.

முன்னுரை மறந்துவிட்டது.

"மைதிலியக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

"அத்தைக்கு முடியலீங்களா மாமா?"

"அவ நல்லா இருக்கறா."

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு எனக்கு எதிரில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினான். தொழிலில் நெருக்கடி, தூக்கமில்லை, மைதிலியும் எதிர்த்துப் பேசுகிறாள். "ஒரு தடவ கை நீண்டிருச்சுங்க மாமா. நான் மறைக்கல. அதுக்குத்தான் உங்க கால்லயே விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டனே."

"கேட்டதுக்கு அப்புறம் அடிச்சீங்ளா?"

இப்படி ஒரு கேள்வி என் மனப்பாடத்தில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. தரணி தரையைப் பார்த்தான். சம்பந்தியம்மா, "காபி ஆறிப்போச்சுங்கண்ணா, வேற கொண்டாறேன்" என்றார்.

மைதிலி சமையலறை வாசலில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள். நான் வந்ததே தெரியாதவள் போல. எழுந்து போய், "போலாம் கண்ணு" என்றேன். அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்போதுதான் உறைத்தது. நான் நின்றது அவளுடைய இடப்பக்கம்.

சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றேன். அவள் முகத்தை முழுதாகப் பார்க்க முடிந்தது.

"போலாம் கண்ணு" என்றேன்.

பெட்டி எதுவும் எடுக்கவில்லை. செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டாள். தரணி வாசலை மறிப்பானோ என்று பயந்தேன். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து, "படிச்சவங்க நீங்க, யோசிச்சுச் செய்யுங்க மாமா" என்றான்.  தெருமுனை வரும்வரை நிற்கவில்லை.

பேருந்தில் மைதிலி இடம் மாறி உட்கார்ந்தாள், வலப்பக்கம் எனக்கு வரும்படி. குன்னத்தூர் தாண்டிய பிறகு பேசினாள். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை.

"அந்தச் செவப்புக் கார் கதைய நெட்டுல தொடரா வர்றப்பவே நான் படிச்சிருக்கறேனுங்ப்பா. மாடிப்படில என்ன நடக்கும்னு தெரியும். நீங்க வாசிச்சுட்டு ஏதாச்சும் சொல்லுவீங்க, இப்படி அடிக்கறானே பாவின்னு ஒரு வார்த்தை. அதப் புடிச்சுட்டு நானும் சொல்லிரலாம்னு உக்காந்திருந்தேன். நீங்க ரெண்டு தாளச் சேத்துத் திருப்பிட்டீங்க. செரி, அப்பாவுக்கு இது தெரிய வேண்டாமாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் என்ன.

செப்டம்பர் 18, வியாழன்

ஈரோட்டில் காது டாக்டர், இளம்பெண். கருவியால் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து விளக்கினார். முதல் அடியில் செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்திருக்கும். சின்ன ஓட்டை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக மூடிக்கொள்ளும். அது மூடுவதற்குள் அதே இடத்தில் மறுபடி அடி விழுந்திருக்கிறது. இந்த முறை பறை பெரிதாகக் கிழிந்து, உள்ளே இருக்கும் சிறு எலும்பும் விலகிவிட்டது. அறுவை செய்யலாம். கேட்கும் திறன் முழுதாகத் திரும்பாது.

எப்போது எப்போது என்று கேட்டார்.

"மொதல்ல ஆடி மாசம். அப்புறம் இந்த மாசம் ரெண்டாந்தேதி" என்றாள் மைதிலி.

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி நான் கார் ஜன்னலருகே நின்றபோது அது மூடிக்கொள்ளக் கூடிய ஓட்டையாக இருந்தது.

ஓட்டை இருக்கும்போது காதில் சொட்டு மருந்து விட்டது யார், அது எவ்வளவு தப்பு தெரியுமா என்றும் டாக்டர் கடிந்துகொண்டார். மைதிலி என் பக்கம் திரும்பாமலே, "மருந்துக் கடைல குடுத்தாங்க" என்றாள்.

செப்டம்பர் 22, திங்கள்

மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தோம். எழுதியது நான். 'கை நீட்டினார்' என்று எழுதியிருந்தேன். மைதிலி வாங்கிப் படித்துவிட்டு, அதை அடித்து, 'இடது காதில் அறைந்தார்' என்று எழுதச் சொன்னாள். புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினேன்.

ராசப்பன் போனில் நாகமணியிடம் இனி இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாகமணி படிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்துவிட்டார். புதுக் கண்ணாடி வந்திருக்கிறது. அவள் இன்னும் எதையும் கேட்கவில்லை. மைதிலி அறையைவிட்டு அதிகம் வருவதில்லை. என்னோடு பேசுகிறாள், தேவையானதை. அறுவைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

நாவல்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜெயக்கொடி அம்மா வேறு யாருக்கோ புத்தகம் எடுத்துக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் சிவப்புக் கார் நாவலின் கடைசி வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். 'சூப்பர்.' 'ரெண்டு தடவை படிச்சேன்.' 'இப்படி ஒரு புருஷன் கிடைச்சா.' அடியில் கொஞ்சம் இடம் இருந்தது.

எழுதினேன்: 'மாடிப்படிப் பக்கத்துக்குப் பிறகு அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டும். அவள் அப்பா கூட்டிப்போயிருக்க வேண்டும்.'

மேசை மேல் அவர்கள் வழக்கமாக எழுதும் பென்சில் இருந்தது. அதில் எழுதினால் யாராவது ரப்பரால் அழித்துவிடலாம். அதனால் சட்டைப் பையிலிருந்த பேனாவால் எழுதினேன்.